விசில் அக்கா ஸ்டேடியம் பார்க்கப் போனார்

மலாயாவில், நெகிரி செம்பிலான் பக்கம் அவசரகாலம் நடந்தபோது, காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுக்காரர்களும் காட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு நின்றவர்களும் ஒரே ஆளுக்குப் பயந்தார்கள் என்றால், அது எங்கள் விசில் அக்கா ஒருவருக்குத்தான். வெளியே நின்றவர்கள் பயந்ததற்கு நானே சாட்சி. உள்ளே இருந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், லாரியைக் கொளுத்தினார்கள்; எங்கள் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு வேறு காரணம் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம்.

எங்கள் தோட்டம் ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அங்கே ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய கிராணி சொல்வதை எழுதுவதும், அதில் தப்பு வந்தால் திட்டு வாங்குவதும் என் வேலை. அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை. கழுத்தில் தாலிக்கயிறு ஒன்று, அதற்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொரு கயிற்றில் பித்தளை விசில் ஒன்று. விசில் தெமியாங்கில் ஒரு சைக்கிள் கடையில் வாங்கியது. இரண்டில் எது முக்கியம் என்று அவருடைய கணவர் கேட்டதே இல்லை. அவர் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காயவைப்பவர். மாதத்துக்கு ஒருமுறை பேசுவார். அதையும் அக்கா "டைம் முடிஞ்சிருச்சி" என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

அவர் எப்படி ரெப்ரி ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு பந்தாட்டம். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்தான் நடுவர். எங்கள் ஆள் ஒருவன் அடித்த கோலை அவர் ஒத்துக்கொண்டார். உடனே கோட்டுக்கு வெளியே, சனங்களுக்கு நடுவிலிருந்து, காது கிழிகிற மாதிரி ஒரு விசில். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். டிரஸ்ஸரும் நின்றார்.

"ஆப்சைடு!" என்றார் அக்கா. "அவன் அப்பவே அங்க போயி குந்திக்கிட்டு இருந்தான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கோல் ரத்தானது. எங்கள் கோலை எங்கள் ஆளே ரத்து செய்ததில் வந்திருந்த அணிக்குக் குழப்பம். "யாரு அந்த அம்மா?" என்று அவர்களுடைய கேப்டன் கேட்டான். டிரஸ்ஸர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரா இருந்தா என்ன, சொன்னது சரி" என்றார். அடுத்த வாரத்திலிருந்து தோட்டத்து ஆட்டங்களை அக்காவிடமே விட்டுவிட்டு நிம்மதியாக ஊசி போடப் போய்விட்டார்.

ஆடுகளம் அக்காவுக்குப் போதவில்லை. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் புருஷன் பெண்சாதி சண்டை வந்தால் அங்கேயும் விசில் கேட்கும். ஒருநாள் கள்ளுக்கடையிலிருந்து வந்த ஒருவன் மனைவி மேல் கை ஓங்கினான். விசில் ஊதி, விரலை நீட்டி, "வெளிய போ!" என்றார் அக்கா. அவன் போதையிலும் பந்தாட்டக்காரன். தலையைக் குனிந்துகொண்டு போய் முள்வேலி ஓரமாக நின்றான். "எவ்வளவு நேரம்க்கா?" என்று பரிதாபமாகக் கேட்டான். "ஆட்டம் முடியிற வரைக்கும்" என்றார் அக்கா. ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாததால் சாயங்காலம் வரை நின்றான்.

முள்வேலி என்றேன் அல்லவா? அந்த நாளில் எங்கள் லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி. ஒரே ஒரு கேட். அங்கே காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அரிசி வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். ஒரு மணி அரிசிகூட கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணீரோடுதான் போவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் பால்வாளிக்கு அடியில் அரிசி வைத்திருந்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது அவருடைய மகளுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு விடியற்காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்கு முன்னால், அக்காவின் விசில் மூன்று தடவை ஒலித்தது. காவல் கூண்டிலிருந்த ஸ்பெஷல் இரண்டு பேர் கால்வாய்க்குள் குதித்தார்கள். ஒருவன் குதிக்கும்போதே வானத்தைச் சுட்டான். சைரன் அலறியது. தோட்டத்து மானேஜரான பெரிய துரை பைஜாமாவும் பிஸ்டலுமாக ஓடிவந்து ஒரு மரத்துக்குப் பின்னால் படுத்தார். நாங்கள் எல்லோரும் அரை மணி நேரம் தரையோடு தரையாகக் கிடந்தோம். கடைசியில் விசாரித்தால், யாருடைய ஆடோ அக்காவின் பயற்றங்கொடிக்குள் புகுந்திருக்கிறது.

"கோட்டைத் தாண்டிருச்சிங்க தொர" என்றார் அக்கா, விளக்கமாக.

அன்றோடு விசிலுக்குத் தடை. அது என் மேஜை டிராயரில் பூட்டப்பட்டது. ஆட்டம் உள்ள நாளில் மட்டும் என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு, முடிந்ததும் முந்தானையில் துடைத்துத் திருப்பித் தருவார்.

இனி கதைக்கு வருகிறேன். சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காட்டுச்சண்டை மட்டும் ஓயவில்லை. அந்த வருடம் தோட்டங்களுக்கு இடையிலான கோப்பைக்கு எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனது. வெளியிலிருந்து வந்த ஒரு ரெப்ரி. ஆட்டம் முடியப் போகிற நேரம், எங்கள் கோல் முன்னால் ஒரு நெரிசல். எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. ரெப்ரி பார்க்கவில்லை. எதிரணியும் பார்க்கவில்லை. பார்த்தது ஒரே ஒரு ஆள். விசில் ஊதியதும் அந்த ஆள்தான்.

பெனால்டி. கோப்பை போயிற்று.

ஒரு வாரம் லயத்தில் அக்காவோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவர் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். விசிலைத் திருப்பித் தர வந்தபோது நானே கேட்டேன், "ஏன்க்கா, அதை விட்டிருக்கக் கூடாதா?"

"கையி பட்டுச்சி தம்பி. நான் பாத்தேன். பாத்ததப் பாக்கலன்னு சொல்ல முடியுமாலா?" என்றார். பிறகு, போகிற போக்கில், "பையனுங்க மொகத்தத்தான் பாக்க முடியல" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் விளையாட்டுக் குழு, கோலாலம்பூரில் புதிதாகக் கட்டிய பெரிய ஸ்டேடியத்தைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டது. சுதந்திரம் அறிவித்த அதே ஸ்டேடியம். அதன் படத்தைப் பத்திரிகையில் வெட்டி எடுத்து ஒட்டாத லயமே இல்லை. ஆட்டம் பார்க்கப் போக முடியாது, அதெல்லாம் இரவில். சும்மா போய், சுற்றிப் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். துரை ஒத்துக்கொண்டார். ஆட்டக்காரர்கள் பதினொரு பேர், லாரி ஓட்ட நாயர், கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. போலீசுக்குக் கொடுக்கும் பாஸில் எல்லார் பெயரையும் எழுதி, "உணவுப்பொருள் எதுவும் எடுத்துச் செல்லவில்லை" என்ற வரிக்குக் கீழே நான்தான் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் பெயரையும் சேர்த்தேன். பையன்கள் முகம் சுளித்தார்கள். கோல்கீப்பர் மாணிக்கம் மட்டும், "வரட்டும் கிராணி. அது இல்லாம போனா கல்யாண வீட்டுல மேளம் இல்லாத மாதிரி" என்றான்.

"விசில் டிராயர்லதான் இருக்கும்" என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி. எனக்கு எதுக்கு?" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் கேட்டில் சோதனை. எங்கள் சட்டைப்பைகளைத் தடவினார்கள். அக்காவை, பெண்களைச் சோதிக்கும் அம்மாள் தனியே கூட்டிப்போய் கொண்டையை அவிழ்க்கச் சொல்லிக்கூடப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஸ்டேடியத்தின் முன்னால் வைத்துப் படம் பிடிக்க எங்கள் தோல்பந்தை எடுத்துக்கொண்டோம். அது அக்காவின் மடியில் இருந்தது. காற்றடித்து, வாரை இழுத்துக் கட்டிக் கொண்டுவந்தவரே அவர்தான்.

சிரம்பானைத் தாண்டி மந்தின் மலைச்சாலையில் லாரி ஏறியது. அந்தச் சாலையின் வளைவுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். இரண்டு பக்கமும் காடு. எந்த வளைவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நான் பையன்களோடு லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பயத்தைப் போக்க மாணிக்கம் அக்காவின் மடியிலிருந்து பந்தை எடுத்துச் சும்மா தட்டினான். உள்ளே ஏதோ சலசலத்தது.

இன்னொரு தடவை தட்டினான். சலசல.

"அக்கா, உள்ள என்னா?"

அக்கா மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அரிசி."

மாணிக்கம் பந்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான்.

"ஒரு புடிதான். மஞ்சத் தடவுன அரிசி. துணியில முடிஞ்சி உள்ள இருக்கிற ரப்பர் பிளேடருக்கும் தோலுக்கும் நடுவுல வச்சிருக்கேன். பெரிய ஸ்டேடியத்துல கோலு வாசல்ல போடுறேன்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். என்னாலதான கோப்பை போச்சி?"

"அக்கா! கையெழுத்துப் போட்டது நானு!" என்றேன்.

"தெரியும் தம்பி. அதான் உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ போட்டிருக்க மாட்டியே."

தூக்கி எறிந்துவிடலாம் என்றான் ஒருவன். "எறிவியா?" என்று முன்னாலிருந்து நாயர் கத்தினார். ஜன்னல் வழியாக எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. "இந்த ரோட்டுல லாரியிலருந்து காட்டுக்குள்ள ஒரு பொருள் விழுந்தா என்னா அர்த்தம் தெரியுமா? யாருக்கோ குடுத்தோம்னு அர்த்தம்! சுட்டுட்டுத்தான் கேப்பான்!" பந்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் மென்று விழுங்கிவிடலாம் என்றேன் நான். அக்கா பந்தை வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டார். "சாமிக்கு எடுத்தது. ஒருத்தன் தொடக் கூடாது."

மேற்கொண்டு வாதாட நேரமில்லை. மலை இறங்கியதும், கீழே, சாலைக்குக் குறுக்கே தடுப்பு.

எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். ஒரு போலீஸ்காரர் பாஸைப் பார்த்துப் பெயர் படித்தார். ஒவ்வொருவராக அடையாளக் கார்டை நீட்டினார்கள். கடைசியில் ஒரு பெயரைப் படித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி படித்தார். அசையவில்லை. துப்பாக்கிக்காரர்கள் நிமிர்ந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அக்காவின் சொந்தப் பெயர். அதைக் கேட்டுப் பல வருடமானதில் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"அக்கா, உங்களத்தான்!" என்று இடித்தேன்.

"ஓ, நானா?" என்றார்.

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிடமே போயிற்று. மீசை அரும்பிய ஒரு கான்ஸ்டபிள் பந்தைக் கண்டுவிட்டான். லாரியிலிருந்து எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, "கோல்!" என்று உதைத்தான். பந்து சாலையைத் தாண்டி, சரிவில் உருண்டு, இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் காணாமல் போயிற்று.

அது காட்டின் ஓரம். ஒரு பிடி அரிசியோடு பந்து அங்கே கிடக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் பதினொரு பேரும் சாமி வேண்டியது எனக்குக் கேட்டது. கான்ஸ்டபிளை அவனுடைய மேலதிகாரி திட்டினார். அவன் முகம் சிவந்து, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தானே புல்லுக்குள் இறங்கினான். புல் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பந்தோடு ஏறிவந்து, சேற்றைத் தன் கால்சட்டையிலேயே துடைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்து, "மாஃப், மக்சிக்" என்று மன்னிப்புக் கேட்டான்.

"இடது காலு நல்லா வருது" என்றார் அக்கா தமிழில்.

லாரி காஜாங் வரும்வரை எல்லோரும் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஸ்டேடியத்தைப் பற்றி என்ன சொல்ல? பத்திரிகைப் படத்தில் ஒரு சோப்புப் பெட்டி அளவு இருந்தது. உள்ளே நுழைந்ததும் பையன்கள் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டார்கள். சுற்றிலும் படிப்படியாக சிமெண்டு. நான்கு மூலையிலும் வானத்தைத் தொடுகிற விளக்குக் கம்பங்கள். நடுவில் புல். எங்கள் பச்சையெல்லாம் ரப்பர் இலைப் பச்சைதான். இப்படி ஒரு பச்சையை நாங்கள் பார்த்ததில்லை. ஆள் ஒருவரும் இல்லை. மாணிக்கம் மேல்படியில் ஏறி நின்று தன் பெயரைக் கத்தினான். ஸ்டேடியம் அவன் பெயரைத் திருப்பிச் சொன்னது. அதற்காகவே இன்னும் நான்கு தடவை கத்தினான். மற்றவர்கள் பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கையசைத்துப் பழகினார்கள். அக்கா மட்டும் கீழ்ப்படியில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அங்கே காவலுக்கு ஒரு ஜாகா, தாடி வைத்த சீக்கியர். படிகளில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், புல்லில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று மலாயில் சொல்லிவிட்டார். அக்கா அவரிடம் போய், தனக்குத் தெரிந்த மலாயில், "பாயி, அந்தப் பெனால்டிக் கோடு கோணலா இருக்கு" என்றார்.

ஜாகாவுக்குக் கோபம் வந்தது. "நான் பக்கத்தில் நின்று போடவைத்த கோடு!"

"கோணல்தான்."

"இல்லை!"

"ரெண்டு விரக்கடை."

ஜாகா ஒரு கயிற்றுக் கண்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று புல்லில் இறங்கினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். நாங்கள் படியில் உறைந்து நின்றோம். கயிற்றின் ஒரு நுனியை அவர் பிடித்தார், இன்னொன்றை இவர். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி குனிந்தார்கள். பிறகு ஜாகா மெல்லத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கோடு இரண்டு விரற்கடை கோணலாகத்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் அக்கா செய்ததுதான் என்னைக் கொன்றது. நேராக அவரிடமே, பந்துக்குள் அரிசி இருக்கிறது, வேண்டுதல், கோல் வாசலில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜாகா பந்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். வாசலுக்கு வெளியே ஒரு போலீஸ் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு, "கோட்டை அழித்துவிட்டுப் போட சுண்ணாம்பு எடுத்து வருகிறேன்" என்று நடந்தார். சுண்ணாம்பு எடுத்துவர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

பந்தைப் பிரித்தோம். கான்ஸ்டபிள் உதைத்ததில் துணிமுடிச்சு அவிழ்ந்து அரிசி உள்ளே எல்லாம் சிதறியிருந்தது. உதறி உதறிக் கொட்டினோம். மாணிக்கத்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தி, அவன் தலையில் கொஞ்சம், கோட்டின் மேல் கொஞ்சம் தூவினார் அக்கா. கண்ணை மூடிச் சத்தமாகவே வேண்டினார்:

"ஆத்தா, ஜெயிக்க வையின்னு கேக்கல. அது அவனுங்க பாடு. கையி மட்டும் படாம பாத்துக்க."

அத்தனை நாளாக அவரோடு பேசாதிருந்த பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்தார்கள். எல்லார் தலையிலும் இரண்டிரண்டு மணி விழுந்தது. பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அடுத்த வருடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் யார் கையும் படவில்லை. "ஆத்தா கேட்டதக் குடுத்துட்டா" என்றார் அக்கா, முழுத் திருப்தியோடு.

கோட்டை அழித்து நேராகப் போட்டு முடிக்கும்வரை அக்கா நகர மறுத்ததால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. மந்தினுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. காலையில் பார்த்த ஆட்கள் இல்லை. கவச வண்டி ஒன்று குறுக்கே நின்றது. மலையில் மத்தியானம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக நாயரிடம் யாரோ சொன்னார்கள். தடுப்பில் ஒரு வயதான மலாய்க்கார சார்ஜன். அவர் சிரிக்கிற வகை இல்லை. லாரியில் விரித்திருந்த சாக்கைக்கூட உதறச் சொன்னார். கடைசியில் பந்தை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, காதருகில் வைத்து ஆட்டினார்.

"புக்கா" என்றார். திற.

மாணிக்கம் வாரின் முடிச்சோடு மல்லுக்கட்டினான். ஒரு கான்ஸ்டபிள் பிடுங்கி அவிழ்த்தான். பிளேடரை உருவினான். தோலைக் கவிழ்த்துப் பக்கத்தில் நின்ற ஒரு ஜீப்பின் மூடிமேல் தட்டினான்.

டக், டக், டக். ஐந்து மணி அரிசி. தையல் இடுக்கில் தங்கியிருந்திருக்கிறது.

சார்ஜன் பாஸை விரித்தார். என் கையெழுத்துக்குக் கீழே அவர் விரல் நின்றது. "சியாப்பா?" யார் இது?

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். வந்தேன் என்றா சொன்னேன்? கால்கள் தாமாக வந்தன. இரண்டு பேர் என் இரண்டு கையையும் பிடித்தார்கள். அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. பால்வாளி மனிதர் ஞாபகம் வந்தார்.

அப்போது வரிசையிலிருந்து அக்கா கையை உயர்த்தினார். முழுக்க, தோளுக்கு மேலே, ஃபவுல் காட்டுகிற மாதிரி.

"சாயா பூன்யா சாலா" என்றார். தப்பு என்னுடையது.

நடந்து வந்து எனக்கும் சார்ஜனுக்கும் நடுவில் நின்றார். அரிசி தன்னுடையது, பந்தில் வைத்தது தான், என்று உடைந்த மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே, ஒரு கணம் யோசித்து, "காலையில தெரியாது. மலை ஏறும்போது தெரியும்" என்று திருத்தினார்.

"அக்கா!" என்று நான் முனகினேன்.

"உள்ளதத்தான்லா சொல்லணும்."

சார்ஜன் ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். விரலைப் பார்த்தார். மஞ்சள் ஒட்டியிருந்தது. "பெராஸ் குன்யிட்" என்றார், தனக்குத்தானே. மஞ்சள் அரிசி. எதற்கு என்று கேட்டார். அக்கா சொன்னார். பெனால்டி, கோப்பை, பையன்களின் முகம், வேண்டுதல் எல்லாவற்றையும். கோணல் கோட்டைக்கூட விடவில்லை.

பிறகு அவர் சொன்னார். அவர் வீட்டிலும் இது உண்டாம். இந்த மலைக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், வாசற்படியில் நிறுத்தி, அவர் அம்மா இதே மஞ்சள் அரிசியை அவர் தலையில் தூவித்தான் அனுப்பினாராம்.

"அப்ப ஒங்களுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார் அக்கா.

சார்ஜன் அந்த ஐந்து மணியையும் உள்ளங்கையில் கூட்டி எடுத்தார். மணல்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற தன் ஆட்கள் பக்கம் திரும்பி, யாரும் கவனிக்காத மாதிரி கையை உதறினார். பாஸை மடித்து என் சட்டைப்பையில் திணித்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் எல்லோரையும் உள்ளே போடுவேன், இருட்டுவதற்குள் ஓடுங்கள் என்றார்.

நாங்கள் ஓடினோம். அக்கா ஓடவில்லை. "தப்பு பண்ணிருக்கேன், ஒண்ணும் இல்லன்னா எப்படி?" என்று நின்றுகொண்டிருந்தார். நாயரும் மாணிக்கமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி லாரியில் போட்டார்கள்.

மலைச்சாலையை நாயர் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். ஆறு மணிக் கேட்டைத் தவறவிட்டதற்கு நான் வாங்கிய திட்டையும் கேட்காதீர்கள். சிரம்பான் விளக்குகள் தெரிந்தபோதுதான் பையன்கள் பேச ஆரம்பித்தார்கள். பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. சிரிப்பும் கத்தலுமாக ஆளுக்கொரு கதை. நான் லாரிப் பலகையில் சாய்ந்திருந்தேன். என் பக்கத்தில் அக்கா. மடியில் வைத்திருந்த அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. முந்தானைக்குள் மறைத்துப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை.

"பயந்துட்டீங்களாக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"உள்ள போட்டிருந்தா அவருக்கு யாரு சோறாக்குவா?" என்றார். "கேக்கக்கூடத் தெரியாதே அந்த மனுசனுக்கு."

கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் விழுந்தது. வாயைத் திறந்து அசந்து தூங்கினார். லாரி குலுங்கிற்று, என் கை மரத்துப்போயிற்று. ரந்தாவ் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.